பதினெட்டால வகுத்துப் பாருங்க!

ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் எடுத்துக்கங்க. போனைத் தள்ளி வைங்க, அதுல இருக்கற கால்குலேட்டரைத் தொடவே தொடாதீங்க, ஏன்னா நான் காட்டப்போற சந்தோஷம் கையால வகுத்தாத்தான் முழுசாக் கிடைக்கும். 636102னு எழுதுங்க. சேலம் மாவட்டம் ஆத்தூரோட பின்கோடு இது. கல்யாணப் பத்திரிகையில, கடை ரசீதுல, கோயில் நோட்டீஸ்ல, ஜவ்வரிசி மூட்டை மேல அச்சடிச்ச முகவரியிலன்னு இந்த ஊர்ல பொறந்த நாள்லேர்ந்து கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கற எண். இதை எழுதி எழுதிக் கை தேஞ்சவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, இதுக்குள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பார்த்தவங்க எத்தனை பேரு?

கூட்டுங்க. ஆறும் மூணும் ஒன்பது, ஒன்பதும் ஆறும் பதினஞ்சு, ஒண்ணைச் சேர்த்தா பதினாறு, அப்புறம் ஒரு சைபர், கடைசியில ரெண்டு. மொத்தம் பதினெட்டு. சரியா? இப்ப அந்தப் பதினெட்டாலேயே அந்த எண்ணை வகுங்க. அவசரப்படாதீங்க. 63ல மூணு தடவை போகும், மீதி 9. ஆறை இறக்குங்க, 96ல அஞ்சு தடவை, மீதி 6. ஒண்ணை இறக்குங்க, 61ல மூணு, மீதி 7. சைபரை இறக்குங்க, 70ல மறுபடி மூணு, மீதி 16. கடைசி ரெண்டை இறக்குங்க, 162 வருது பாருங்க, பதினெட்டொம்பது நூத்தி அறுபத்திரெண்டு! மீதி சைபர்! ஈவு 35339! தன் இலக்கங்களோட கூட்டுத்தொகையாலேயே மிச்சமில்லாம வகுபடுது எங்க ஊரு எண்!

எனக்கு இது வெளிச்சமானது தபால் ஆபீஸ் வரிசையில. ஸ்பீட் போஸ்ட் அனுப்ப நின்னுக்கிட்டிருந்தேன். பங்குனி வெயில், மேல மின்விசிறி சுத்துது ஆனா காத்து வரல, பசை வாசனையும் சாக்கு வாசனையும் கலந்து அடிக்குது, கவுன்டருக்கு அந்தப் பக்கம் முத்திரை குத்தற டக் டக் சத்தம், வெளியில குச்சிக்கிழங்கு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டரோட உறுமல். கவர்ல அனுப்புநர் முகவரி எழுதி முடிச்சு, பின்கோடு கட்டத்துல ஆறு இலக்கத்தையும் ஒண்ணொண்ணாப் போட்டேன். கூட்டிப் பார்க்கற புத்தி எனக்குச் சின்ன வயசுலேர்ந்து உண்டு, பஸ் டிக்கெட்டா இருந்தாலும் சரி, லாரி நம்பரா இருந்தாலும் சரி. கூட்டினேன், பதினெட்டு. வகுத்தேன். அந்த 162 வந்து நின்னப்போ என் மேலெல்லாம் புல்லரிச்சுது, நிஜமாச் சொல்றேன், முன்னாடி நின்ன பெரியவர்கிட்ட கவரைத் திருப்பிக் காட்டி, "ஐயா, மீதி சைபர் வருதுங்க!"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முழுக் கணக்கையும் ஒரு தடவை மேலேர்ந்து கீழே பார்த்துட்டு, "சரியாத்தானப்பா இருக்கு"ன்னார். அந்தச் சான்றிதழ் போதும் எனக்கு!

ஆனா அது வெறும் வாசப்படி. உள்ள வாங்க.

அந்த 35339 இருக்கே, அது என்ன எண்? இரட்டைப்படை கிடையாது. இலக்கங்களைக் கூட்டினா 23, அதனால மூணால வகுபடாது. அஞ்சுல முடியல. ஏழால வகுத்தா மீதி 3. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்க ஆரம்பிச்சுது. ஒருவேளை இது பகா எண்ணா இருந்துட்டா? ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடற எண்ணா இருந்துட்டா? ஒரு எண் பகா எண்ணான்னு பார்க்க எல்லா எண்ணாலயும் வகுத்துப் பார்க்கவேண்டாம், அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கற பகா எண்களால வகுத்தாப் போதும்னு ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைத் தாண்டிப் பெரிசா இருக்க முடியாதே, அதான். 188ஐ 188ஆல பெருக்கினா 35344. நம்ம எண் அதுக்கு அஞ்சு கம்மி! அதனால 188க்குள்ள இருக்கற பகா எண்களை மட்டும் சோதிச்சாப் போதும். 42 பகா எண்கள். அவ்வளவுதான், 42 வகுத்தல்!

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாத்தல. திண்ணையில உக்காந்து பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல வகுக்க ஆரம்பிச்சேன். 11, மீதி வருது. 13, மீதி 5. 17, மீதி 13. அப்புறம் 19. இங்கதான் உயிர் போய் உயிர் வந்துச்சு. மீதி 18! இன்னும் ஒண்ணே ஒண்ணு கூட இருந்திருந்தா 19 கச்சிதமா உள்ள போயிருக்கும். 23 போச்சு, 29 போச்சு, 31 வந்துச்சு, மீதி 30! மறுபடியும் ஒண்ணு கம்மி! பக்கத்து எண்ணான 35340ஐ 19ஆலயும் வகுக்கலாம், 31ஆலயும் வகுக்கலாம், 2, 3, 5 எல்லாத்தாலயும் வகுக்கலாம், அத்தனையும் போய் அந்தப் பக்கத்து எண் மேலயே விழுந்திருக்கு, நம்ம எண் மட்டும் ஒரு சொட்டுக்கூட படாம நிக்குது! 59ஆல வகுத்தேன், மீதி 57, அங்கேயும் ரெண்டே ரெண்டுல தப்பிச்சுது. 73க்கு மீதி 7, 89க்கு மீதி 6, 151க்கு மீதி 5. காபி ஆறிப்போச்சு, யாரோ வந்து கூப்பிட்டாங்க, நான் நிமிரல. 167, 173, 179. கடைசியா 181. நூத்தி எண்பத்தொண்ணை நூத்தித் தொண்ணூத்தஞ்சால பெருக்கினா 35295, மீதி 44. முடிஞ்சுது! 35339 பகா எண்! தாளைத் தூக்கிக்கிட்டு நடு வீட்டுல நின்னு கத்தினேன். பக்கத்து வீட்டுலேர்ந்து எட்டாவது படிக்கற அக்கா மவன் ஓடி வந்து, "என்ன மாமா, லாட்டரியா?"ன்னான். "அதுக்கும் மேலடா"ன்னேன்.

ஏன் மேலன்னு கேளுங்க. தன் இலக்கக் கூட்டுத்தொகையால வகுபடற எண்களுக்கு ஹர்ஷத் எண்கள்னு பேரு. பேரு வெச்சவர் டி.ஆர். காப்ரேக்கர். மகாராஷ்டிரத்துல 1905ல பொறந்து, நாசிக் பக்கத்துல தேவ்லாலிங்கற ஊர்ல 1930லேர்ந்து 1962 வரைக்கும் பள்ளிக்கூட வாத்தியாரா வேலை பார்த்தவர். முதுகலைப் பட்டம் கிடையாது, பல்கலைக்கழகப் பதவி கிடையாது, பென்சிலும் காகிதமும் மட்டும்தான். ஆரம்பத்துல பெரிய இடத்து ஆளுங்க கண்டுக்கல, அமெரிக்காவுல மார்ட்டின் கார்ட்னர் 1975ல தன் பத்தியில எழுதினதுக்கப்புறம் உலகமே திரும்பிப் பார்த்துச்சு. இப்ப கேளுங்க, ஹர்ஷத் எண்கள் நிறைய இருக்கு. 12, 18, 20, 21, 24ன்னு போய்க்கிட்டே இருக்கும். ஆனா அப்படி வகுக்கும்போது கிடைக்கற ஈவு ஒரு பகா எண்ணாவும் இருந்துட்டா, அது ஹர்ஷத்துல ஒரு படி மேல, மோரான் எண்ணுன்னு தனியாவே வகைப்படுத்தியிருக்காங்க. 18ஐயே எடுத்துக்கங்க, ஒண்ணும் எட்டும் ஒன்பது, ஒன்பதால வகுத்தா 2, பகா எண். 21, மூணால வகுத்தா 7. சின்ன எண்ணுல இது சகஜம். ஆறு இலக்கத்துக்குப் போனா ஈவும் பெரிசாயிடும், அது பகா எண்ணா அமையறது அவ்வளவு சுலபமா நடக்காது.

ராமானுஜனோட 1729 தெரியுமில்ல? ஒண்ணும் ஏழும் ரெண்டும் ஒன்பதும் 19. 1729ஐ 19ஆல வகுத்தா 91. அதுவும் ஹர்ஷத் எண்தான், அதுலயும் 19ஐத் திருப்பிப் போட்டா 91, எவ்வளவு அழகு! ஆனா 91 பகா எண் இல்லையே, ஏழு பதிமூணு 91. அதனால உலகப் புகழ் வாடகைக் கார் எண்ணான 1729 மோரான் எண் ஆகல. காப்ரேக்கரோட பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற 6174ஐ எடுங்க. கூட்டினா 18, நம்ம ஆத்தூர் எண்ணுக்கும் அதே 18! வகுத்தா 343. ஏழேழு நாப்பத்தொன்பது, நாப்பத்தொன்பதேழு 343. அதுவும் பகா எண் இல்ல. 1729ஆல முடியாததை, 6174ஆல முடியாததை, வசிஷ்ட நதிக்கரையில இருக்கற எங்க ஊரோட தபால் எண் சத்தமில்லாமச் செஞ்சுட்டு உக்காந்திருக்கு!

இதை யாராவது யோசிச்சு வெச்சாங்களான்னா, அதுதான் இல்ல. 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி நாடு முழுக்கப் பின்கோடு முறை வந்துச்சு, ஸ்ரீராம் பிக்காஜி வேலாங்கர்ங்கற அதிகாரி அதை உருவாக்கினார். ஒரே பேர்ல எத்தனை ஊரு இருக்கு பாருங்க, ஆத்தூர்னாலே திண்டுக்கல் பக்கம் ஒண்ணு, தூத்துக்குடி பக்கம் ஒண்ணுன்னு நம்ம மாநிலத்துலயே கைவிரல் விட்டு எண்ணணும். கடுதாசி எந்த ஆத்தூருக்குப் போறதுன்னு குழம்பக்கூடாதுன்னுதான் இந்த ஆறு இலக்கமே. முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த தெற்கு மண்டலம், முதல் மூணும் சேர்ந்து 636ன்னா கடுதாசி பிரிக்கற சேலம் வட்டாரம், கடைசி 102 எங்க தபால் ஆபீஸ். பிரிச்சுப் போடற வசதிக்காக வெச்ச எண். அதுல போய் இப்படி ஒரு புதையல் மாட்டியிருக்கே!

சரி, சுத்துப்பட்டு ஊருக்கும் இப்படி இருக்குமோன்னு பார்த்தேன். சேலம் தலைமை ஆபீஸ் 636001, கூட்டினா 16, எண்ணோ ஒற்றைப்படை, பதினாறால எப்படிப் போகும்? நாமக்கல் 637001, கூட்டினா 17, வகுத்தா மீதி 11. வாழப்பாடி 636115, கூட்டினா 22, எண் ஒற்றைப்படை, கதை முடிஞ்சுது. தம்மம்பட்டி 636113, கூட்டினா 20, கடைசியில சைபர் இல்லையே. ராமானுஜன் பொறந்த ஈரோடு 638001, கூட்டினா நம்மளை மாதிரியே 18 வருது, ஆசையாப் பார்த்தேன், ஒற்றைப்படையாப் போச்சு. அப்புறம் விடாம 636100லேர்ந்து 636119 வரைக்கும் இருபது எண்ணையும் வரிசையா உக்காந்து வகுத்தேன். இருபதுல தன் கூட்டுத்தொகையால வகுபடறது ஒண்ணே ஒண்ணுதான். எதுன்னு நான் சொல்லணுமா?

இன்னும் இருக்கு, போயிடாதீங்க. 35339ஐ விட மனசு வரல எனக்கு. அதுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சுப் பாதியாக்கினேன். 17669. இதுவும் பகா எண்ணா இருக்குமோன்னு ஒரு நப்பாசை. 133ஐ 133ஆல பெருக்கினா 17689, அதனால 131 வரைக்கும் சோதிச்சாப் போதும், 32 பகா எண்கள். ஏழால வகுத்தா மீதி 1, 13ஆல மீதி 2, 73ஆல மீதி 3, எதுலயும் விழல, கடைசி 131க்கு மீதி 115. 17669ம் பகா எண்! யோசிச்சுப் பாருங்க, ஒரு பகா எண்ணை ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டினா மறுபடி பகா எண்ணே வருது. அப்படி வர்ற பெரிய எண்ணுக்குப் பாதுகாப்புப் பகா எண்ணுன்னு பேரு. 100க்குள்ள இருக்கற 25 பகா எண்ல ஏழு மட்டும்தான் அந்த வகை: 5, 7, 11, 23, 47, 59, 83. மேல போகப் போக இன்னும் அருகிப்போகும். உள்ள இருக்கற சின்ன எண்ணுக்கு சோஃபி ஜெர்மெய்ன் பகா எண்ணுன்னு பேரு. 1776ல பாரிஸ்ல பொறந்த அந்தம்மாவைப் பொம்பளைங்கற காரணத்துக்காகக் கல்லூரியில சேர்த்துக்கல, அதனால லெப்லான்ங்கற ஆம்பளைப் பேர்ல காஸ் மாதிரி பெரிய மேதைகளுக்கே கடுதாசி போட்டுக் கணக்குப் பேசினவங்க. ஃபெர்மாவோட கடைசித் தேற்றத்தை எல்லாரும் ஒவ்வொரு அடுக்கா முட்டிக்கிட்டிருந்த காலத்துல, இந்த வகைப் பகா எண் அடுக்கா வந்தா, அந்த அடுக்கால வகுபடாத மூணு எண்களை வெச்சு அந்தச் சமன்பாட்டுக்கு விடையே கிடையாதுன்னு ஒரே வீச்சுல நிரூபிச்சாங்க. அப்போ 17669ங்கற அடுக்குக்கும் அது பொருந்துமில்ல? 1995ல ஆண்ட்ரூ வைல்ஸோட முழு நிரூபணம் அச்சேறறதுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாடியே, எங்க ஊரு பின்கோடுக்குள்ள ஒளிஞ்சிருந்த எண்ணுக்கு சோஃபியம்மா வழி சொல்லிட்டாங்க! 1976ல வந்த டிஃபி ஹெல்மேன் முறையில ரெண்டு கம்ப்யூட்டரு ரகசியச் சாவி பரிமாறிக்கும்போது தேடிப் பிடிச்சு உபயோகிக்கறதும் இந்தப் பாதுகாப்புப் பகா எண்களைத்தான், அங்க நூத்துக்கணக்கான இலக்கத்துல வேணும், குலம் என்னவோ ஒண்ணுதான்.

இப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கங்க, உச்சத்துக்கு வந்துட்டோம். காப்ரேக்கர் 1949ல நம்ம சென்னையில நடந்த கணித மாநாட்டுலதான் அந்த 6174 சமாச்சாரத்தை முதல்ல வெளியிட்டார். நாலு இலக்க எண்ணோட இலக்கங்களை இறங்கு வரிசையில ஒரு தடவை, ஏறு வரிசையில ஒரு தடவை எழுதிக் கழிக்கணும், வர்ற விடையை மறுபடி அப்படியே செய்யணும், நாலு இலக்கமும் ஒண்ணாவே இல்லாத வரைக்கும் எந்த எண்ணும் ஏழு படிக்குள்ள 6174ல வந்து நிக்கும். ஆறு இலக்கத்துல அப்படி ஒரே முடிவு கிடையாது, 549945ல போய் நிக்கலாம், 631764ல போய் நிக்கலாம், இல்லேன்னா ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழல்ல மாட்டிக்கிட்டுச் சுத்திக்கிட்டே இருக்கலாம். ஆத்தூர் எதுல போகும்? ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, தெரு அடங்கி, தூரத்துல சேலம் விருத்தாசலம் லைன்ல ரயில் ஊதற நேரம் ஆரம்பிச்சேன். 663210லேர்ந்து 012366ஐக் கழிச்சேன், 650844. அதைத் திருப்பி அடுக்கிக் கழிச்சா 820872. அடுத்தது 864432, பாருங்க இது தானாவே இறங்கு வரிசையில வந்து நிக்குது, அடுக்கவே வேண்டாம்! அடுத்து 629964, அப்புறம் 749943, அப்புறம் 652644, ஏழாவது படியில 420876. இது அந்தச் சுழல்ல இருக்கற எண்ணாச்சே! கை நடுங்குது, பென்சிலைச் சீவிக்கிட்டு மறுபடி உக்காந்தேன், 851742, 750843, 840852, 860832, 862632, 642654ன்னு ஒவ்வொண்ணா வந்து விழுது, ஒவ்வொரு கழித்தலையும் ரெண்டு தடவை சரிபார்க்கறேன், கொசு கடிக்கறதுகூடத் தெரியல, 642654ஓட இலக்கங்களை அடுக்கினா 665442, அதுலேர்ந்து 244566ஐக் கழிச்சா, ஐயோ, 420876! பதினாலாவது படி! ஏழு படி இறங்கி சுழலைத் தொட்டுச்சு, ஏழு படி சுத்தி அதே இடத்துக்கு வந்து நின்னுச்சு, ஏழும் ஏழும்! வாத்தியார் காப்ரேக்கர் இருந்திருந்தா, ஒரு கார்டுல எழுதித் தேவ்லாலிக்கு அன்னிக்கே போட்டிருப்பேன், அவர் 1986லேயே போயிட்டாரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, சொல்றதுக்கு எனக்கொண்ணும் கூச்சமில்ல.

இதுக்கப்புறம் எதைத் தொட்டாலும் கொடுக்குது அந்த எண். 636102ஐத் திருப்பிப் போட்டா 201636, ரெண்டையும் கூட்டுங்க, எங்கேயும் பத்தைத் தாண்டாம 837738னு வருது, முன்னாடிலேர்ந்து படிச்சாலும் பின்னாடிலேர்ந்து படிச்சாலும் ஒண்ணுதான், சம்பந்தர் மாலைமாற்றுப் பாடின மண்ணுல அதை ரசிக்கச் சொல்லியா தரணும்! மூணு வர்க்கங்களோட கூட்டலா எழுத முடியுமான்னு தேடினேன், 794ஓட வர்க்கம், 71ஓட வர்க்கம், 25ஓட வர்க்கம், கச்சிதமா 636102. அப்புறம் வகுத்திகளைப் பட்டியல் போட்டேன். 1, 2, 3, 6, 9, 18. அதோட சரி, அடுத்தது எங்க இருக்கு தெரியுமா? 35339ல! இருபதுக்குள்ள ஆறு பேர் நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க, அப்புறம் முப்பத்தையாயிரம் தூரத்துக்கு ஒரு ஆள் கிடையாது, சேலம் விட்டா விழுப்புரம்னு பாயற எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஒரே தாவல். அதுக்கப்புறம் 70678, 106017, 212034, 318051, கடைசியா அந்த எண்ணே, ஆக மொத்தம் பன்னெண்டு. இதே அளவுல இருக்கற 665280க்கு 224 வகுத்திகள் உண்டு, அந்த மாதிரி வகுத்தி வள்ளல்களைப் பத்தித்தான் ராமானுஜன் 1915ல ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். நம்மாளு பன்னெண்டோட நிறுத்திக்கிட்டாலும், தன்னைத் தவிர்த்த மத்த பதினொண்ணையும் கூட்டினா 742158 வருது, தன்னைவிட ஜாஸ்தி! அதனால மிகை எண்ங்கற வகையிலயும் சேர்த்தி. பாதி, மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு, இந்த மூணையும் கூட்டினா, அதாவது 318051, 212034, 106017, மறுபடி 636102 முழுசா எழுந்து நிக்கும். ஆறோட மடங்கு எல்லாத்துக்கும் இது நடக்கும்தான், இருந்தாலும் நம்ம வீட்டுப் புள்ள பாடினா தனிச் சந்தோஷம்தானே!

ஹார்டி ஞாபகம் வந்துச்சு. ராமானுஜனை உலகத்துக்குக் காட்டின அதே ஹார்டி, 1940ல எழுதின தன் புத்தகத்துல, 8712, 9801 இந்த ரெண்டு நாலு இலக்க எண்ணு மட்டும் தன்னைத் திருப்பிப் போட்ட எண்ணோட மடங்கா வரும், ஆனா இந்த மாதிரி இலக்க விளையாட்டெல்லாம் புதிர்ப் பகுதிக்குத்தான் லாயக்கு, நிஜமான கணிதத்துல சேராதுன்னு சொல்லியிருக்கார். பெரிய மனுஷன், பத்து இலக்க முறையை மாத்தினா இந்தக் கூட்டுத்தொகையும் திருப்பிப் போடறதும் மாறிடும்ங்கறது உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா 35339 பகா எண்ங்கறது எந்த முறையில எழுதினாலும் மாறாது, 17669க்கு சோஃபியம்மா கொடுத்த நிரூபணம் மாறாது, 636102 மிகை எண்ங்கறது மாறாது. அதோட இன்னொண்ணும் கேக்கறேன், அந்தப் புதிர் வாசல் இல்லேன்னா தபால் ஆபீஸ் வரிசையில நின்ன என்னை யாரு சோஃபி ஜெர்மெய்ன் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க?

அக்கா மவனுக்கு முழுசையும் சொல்லிக்கொடுத்துட்டேன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னா ஓடற பையன், 42 பகா எண்ணையும் தானா எழுதி, 35339ஐத் தானே வகுத்து, 31ல மீதி 30 வந்ததும் "மாமா, ஜஸ்ட்டு மிஸ்ஸு!"ன்னு குதிச்சான். மறுநாள் கிளாஸ்ல கூட இருக்கற பசங்க ஆளாளுக்கு அவங்க பாட்டி ஊரு பின்கோடைக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க. ஒருத்தனுக்காவது இன்னொரு மோரான் எண் மாட்டுமான்னு எல்லாரும் வகுத்துக்கிட்டிருக்காங்க.

நீங்களும் செய்யுங்க. உங்க ஊரு பின்கோடை எடுத்து இலக்கங்களைக் கூட்டுங்க, அந்தத் தொகையால வகுங்க. மீதி வந்தா விட்டுடாதீங்க, பக்கத்து ஊரு, மாமியார் ஊரு, வேலைக்குப் போன ஊருன்னு பாருங்க. மீதி இல்லாமப் போச்சுன்னா, கிடைச்ச ஈவை அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கற பகா எண்களால கையாலேயே வகுத்துப் பாருங்க, போனுக்கு அந்தச் சந்தோஷத்தைத் தாரை வார்க்காதீங்க. ஈவு பகா எண்ணா வந்து நின்னுச்சுன்னா, வீட்டுல ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் கடைசி வகுத்தலை அது கையால செய்ய விடுங்க.